ஒரு துளி வியர்வை, ஒரு துகள் தூசி: கலாமின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி

நோட்டன் பிரிட்ஜ் உறவுகளே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவில் வாசியுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது.

ஒக்டோபர் 15 ஆம் திகதி அப்துல் கலாம் பிறந்த நாள். அன்று பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன், படகுக்காரரின் மகன், ரொக்கெட் விட்ட கதை. ராமேஸ்வரம் நமக்கு அந்நியமான ஊரா? நம் தோட்டங்களுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேரின் தாத்தா, பாட்டி மண்டபம் கேம்பில் நின்று, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கியவர்கள். அதனால் பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பத்து நாள் போகவில்லை. தரம் 10 படிக்கும் பிள்ளை ஒருவன் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நெருப்புக் குச்சி மருந்தில் "ரொக்கெட்" செய்யப் பார்த்திருக்கிறான். கையில் இருக்கும்போதே பற்றிவிட்டது. வலது கையில் மூன்று விரல் வெந்துபோனது. அல்ஹம்துலில்லாஹ், கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது காயம் ஆறி வருகிறது.

நான் பார்க்கப் போனேன். அவனுடைய அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். வாசலில் நின்றபடியே சொன்னார்: "சேர், கோவிச்சுக்காதீங்க. இனிமே இவன்கிட்ட அந்த ரொக்கெட் பேச்சே வேணாம். ஸ்கூல்ல அந்த விஞ்ஞானக் கழகத்தையும் மூடிருங்க. நமக்கு எதுக்கு சேர் அதெல்லாம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. ஏனென்றால் நான் அன்று சொன்னது பாதிக் கதை. வெற்றியை மட்டும் சொன்னேன். சுட்ட கைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். பாதி வரலாறு சொல்வது பொய் சொல்வதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். விஞ்ஞானப் பகுதிகளை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பார்த்துத் திருத்தித் தந்தார்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும். காற்றில் உள்ள ஒட்சிசன்தான் விறகை எரிக்கிறது. அடுப்பை மூடினால் நெருப்பு அணைந்துவிடும். ஆனால் ரொக்கெட் போகும் இடத்தில் காற்றே இல்லை. அதனால் அது எரிபொருளையும் சுமக்க வேண்டும், அதை எரிக்கும் ஒட்சிசனையும் ஏதாவது ஒரு வடிவத்தில் சுமக்க வேண்டும். அந்த இரண்டாவது பொருளுக்கு ஒட்சியேற்றி என்று பெயர்.

ஆபத்து முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. எரிபொருளும் அதை எரிக்கும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூடி வைத்தாலும் அணையாது. இன்னும் தெளிவாகச் சொன்னால், எந்தக் குணம் ரொக்கெட்டை மேலே தள்ளுகிறதோ அதே குணம்தான் ஆளையும் கொல்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. "பலம் கூடிய, ஆனால் ஆபத்தே இல்லாத மருந்து" என்று ஒன்று இதுவரை கிடைக்கவில்லை.

இந்த அறிவு நம் மலைக்குப் புதிதும் அல்ல. கண்டி இராச்சிய காலத்தில் மலைக் குகைகளில் வௌவால் எச்சம் படிந்த மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள். வெடிமருந்தில் ஒட்சியேற்றி அதுதான். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி, அந்தக் குகைகளைப் பற்றித் தன் 1821 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நக்கிள்ஸ் பக்கம் "நைட்டர் கேவ்" என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. நைட்டர் என்றால் வெடியுப்பு.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் மைசூரில் ஹைதர் அலியும் அவருடைய மகன் திப்பு சுல்தானும் வெடிமருந்தை இரும்புக் குழாயில் அடைத்துப் போரில் ரொக்கெட்டாக விட்டார்கள். குழாய் இரும்பாக இருந்ததால் உள்ளே அமுக்கம் கூடுதலாகத் தாங்கியது, தூரமும் கூடுதலாகப் போனது. 1780 செப்டெம்பர் 10 இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் நடந்த போரில் ஆங்கிலேயப் படை தோற்றது. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது அந்தத் தோல்விக்கு ஒரு காரணம். அதற்கு மைசூர் ரொக்கெட்டுகளே காரணம் என்று சொல்லப்படுகிறது. 1799 இல் திப்பு ஷஹீதான பிறகு அந்த ரொக்கெட்டுகளை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வில்லியம் கொங்கிரீவ் அதைப் பின்பற்றிப் புதிய ரொக்கெட் செய்தார்.

1963 இல் பயிற்சிக்காக அமெரிக்கா போன இளம் கலாம், அங்கே நாசாவின் வலப்ஸ் நிலையத்தின் வரவேற்பறையில் ஒரு ஓவியத்தைக் கண்டார். திப்புவின் படை ஆங்கிலேயர் மேல் ரொக்கெட் விடும் ஓவியம். சொந்த நாட்டில் மறந்துபோன ஒன்றை இன்னொரு நாடு சுவரில் மாட்டி வைத்திருக்கிறதே என்று அவர் எழுதியிருக்கிறார். இதுவரை நான் கூட்டத்தில் சொன்னேன். கை தட்டினார்கள்.

சொல்லாத பாதி இனித்தான் வருகிறது.

1963 நவம்பர் 21. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமம். அங்கிருந்த மரிய மக்தலேனா தேவாலயத்தை ஊர் மக்கள் விட்டுக் கொடுத்தார்கள், அதுதான் முதல் அலுவலகம். அன்று மாலை அமெரிக்காவில் செய்த நைக் அப்பாச்சி ரொக்கெட் மேலே போனது. ரொக்கெட்டைப் பூட்டுவதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. பாரந்தூக்கியில் எண்ணெய் கசிந்து வேலை செய்யாமல் போக, ஆட்கள் சேர்ந்து கையாலேயே ரொக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றினார்கள்.

அந்தக் காலத்து ரொக்கெட்டுகள் சிலவற்றில் சோடியம் வைத்து அனுப்புவார்கள். மேலே போனதும் சூட்டில் சோடியம் ஆவியாகிப் பரவும். அந்தி வெயிலில் அது மஞ்சளாக ஒளிரும். அந்த ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து மேல் வானத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் சோடியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இது தெரியும்.

ஒரு நாள் கலாமும் அவருடன் வேலை செய்த சுதாகரும் சோடியத்தையும் தெர்மைட்டையும் கலந்து நிரப்பும் வேலையில் இருந்தார்கள். அமுக்கும் வேலையைத் தூரத்தில் இருந்துதான் செய்தார்கள். முறைப்படிதான் எல்லாம் நடந்தது. ஆறாவது தடவை முடிந்ததும் சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க இருவரும் அறைக்குள் போனார்கள். தும்பாவில் எப்போதும் புழுக்கம். குனிந்து பார்த்த சுதாகரின் நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை சோடியத்தில் விழுந்தது.

அவ்வளவுதான். அறை அதிர வெடித்தது. தீ பரவியது. சோடியத் தீயில் தண்ணீர் ஊற்றவும் முடியாது. கலாம் என்ன செய்வதென்று தெரியாமல் உறைந்து நின்றார். சுதாகர் வெறுங்கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளிவிட்டு, பிறகு தான் குதித்தார். தீக்காயத்தோடு பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கலாம் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவரே கலாம்தான். படித்தவர், பயிற்சி எடுத்தவர், கவனமானவர். அவர் பக்கத்தில் நின்றும் ஒரு துளி வியர்வை போதுமாக இருந்தது. அன்று சுதாகர் இல்லாவிட்டால் நாம் ஒக்டோபர் 15 ஐக் கொண்டாட ஆளே இல்லை.

அடுத்தது 1979. இந்தியாவின் முதல் செய்மதி ஏவு வாகனம் எஸ்.எல்.வி 3. கலாம்தான் திட்ட இயக்குநர். அதன் நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருள். ஆனால் இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் பகுதியில் செம்புகை நைத்திரிக் அமிலம் என்ற திரவம் இருந்தது. சிவப்புப் புகை கக்கும் கடும் அமிலம். நல்ல ஒட்சியேற்றி. தோலையும் தின்னும், மூச்சுக்குழாயையும் தின்னும்.

அந்த வருடம் அந்தப் பகுதியைத் தரையில் வைத்துச் சோதித்தார்கள். நேரத்தை எண்ணிக்கொண்டு வரும்போது பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. என்ன என்று பார்க்கும் பதற்றத்தில் குழுவினர் கிட்டப் போனார்கள். அமிலத் தாங்கி வெடித்தது. ஆறு பேர் மேல் அமிலம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் இல்லை. கலாம் கெஞ்சிக் கேட்டு அவர்களைச் சேர்த்தார். இரவெல்லாம் ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடியப்புறம் மூன்று மணி போல அவருக்கு நினைவு திரும்பியது. அவர் முதலில் பேசியது தன் வலியைப் பற்றி அல்ல. வேலை தாமதமாகிவிட்டதே, அதைச் சரிக்கட்டிவிடுவேன் என்றுதான் சொன்னாராம்.

முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது எனக்குப் புல்லரிக்கும். இப்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஒருவன் தன் வெந்த உடம்பை விட வேலை நாளை நினைத்துக் கவலைப்பட்டால், அது தியாகமா, அல்லது நாம் எல்லோரும் பழகிப்போன ஒரு கெட்ட பழக்கமா? இந்தக் கேள்வியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருகிறேன்.

1979 ஓகஸ்ட் 10. எஸ்.எல்.வி 3 ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. முதல் கட்டம் சரியாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போனது. 317 செக்கனில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. விசாரித்துப் பார்த்தபோது காரணம் இதுதான்: ஏவுவதற்கு 8 நிமிடம் இருக்கும்போது திறந்த ஒரு வால்வு திரும்ப மூடவில்லை. உள்ளே தூசி சிக்கியிருந்தது. அமிலம் கசிந்து வெளியே போய்விட்டது. திசை திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை.

முதலில் ஒரு துளி வியர்வை. பிறகு ஒரு துகள் தூசி.

நல்லவேளை, அந்த ரொக்கெட்டில் ஆள் இல்லை. வானத்திலிருந்து விழுவது என்றால் என்னவென்று சப்த கன்னியர் மலையைத் தினமும் பார்க்கும் நமக்குத் தெரியும். 1974 டிசம்பர் 4 இரவு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இந்தோனேசியர்களும் விமானப் பணியாளர்களுமாக 191 பேர் அங்கேதான் மௌத்தானார்கள்.

எஸ்.எல்.வி விழுந்த அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் கலாமைத் தனியாக நிற்க விடாமல், நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். அடுத்த வருடம் 1980 ஜூலை 18 இல் அதே ரொக்கெட் 35 கிலோ ரோகிணி செய்மதியை ஒழுங்காகச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று பேசும்படி கலாமை முன்னே அனுப்பினார். இதைப் பலரும் தலைமைத்துவக் கதையாகச் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. பிழைக்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம் இல்லாத இடத்தில்தான் "தூசி இருந்தது" என்று ஒருவர் வாய் திறந்து சொல்வார்.

இந்தப் பயம் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1960 ஒக்டோபர் 24. சோவியத் யூனியனின் பைக்கனூர் ஏவுதளம். ஆர் 16 என்ற புதிய ஏவுகணை. எரிபொருள் ஐதரசீன் வகை, ஒட்சியேற்றி நைத்திரிக் அமில வகை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி தேவையில்லை. இந்தத் திரவங்களைப் "பிசாசின் விஷம்" என்று அங்கே கூப்பிட்டார்களாம். நவம்பர் 7 புரட்சி நாளுக்கு முன் விட்டுக் காட்ட வேண்டும் என்று மேலிருந்து அவசரம். மருந்து நிரப்பிய பிறகு கோளாறு கண்டார்கள். நியாயமாக மருந்தை இறக்கிவிட்டுத்தான் திருத்த வேண்டும். இறக்கினால் நாள் போகும். அதனால் நிரம்பிய ஏவுகணைக்குப் பக்கத்திலேயே ஆட்களை விட்டுத் திருத்தினார்கள். மார்ஷல் நெடலின் தானும் பயப்படவில்லை என்று காட்ட ஏவுதளத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தார். இரண்டாம் கட்ட இயந்திரம் தவறுதலாகப் பற்றியது. நெடலினோடு சேர்ந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். அந்த ஏவுகணையை வடிவமைத்த யாங்கெல் சிகரெட் பிடிக்கப் பாதுகாப்பு அறைக்குப் போயிருந்ததால் தப்பினார். நெடலின் விமான விபத்தில் இறந்தார் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். உண்மை வெளியே வர 1989 ஆனது.

அப்படியென்றால் ஏன் இந்த விஷத்தைப் பாவிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை என் வகுப்பிலும் கேட்டார்கள். மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் ஒரு நன்மைக்கு ஒரு விலை.

திண்ம எரிபொருள்: மத்தாப்பு மாதிரி. நிரப்பி வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். விரைவாக விடலாம், தள்ளும் பலமும் பெரிது. ஆனால் பற்றிவிட்டால் நிறுத்த முடியாது. செய்யும் இடத்தில் ஒரு பொறி பட்டாலும் முடிந்தது. 2004 பெப்ரவரி 23 இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு திண்ம எரிபொருள் பகுதி எதிர்பாராமல் பற்றி ஆறு பேர் இறந்தார்கள். அன்று ஏவுதலே இல்லை, சாதாரண வேலை நாள்.

சாதாரண வெப்பத்திலேயே வைக்கக்கூடிய திரவம்: ஐதரசீன் வகையும் அதன் ஒட்சியேற்றியும். காஸ் அடுப்பு மாதிரித் திறக்கலாம், மூடலாம், வெளியில் மறுபடி பற்றவைக்கலாம். தொட்டாலே பற்றுவதால் பற்றவில்லை என்ற பயம் இல்லை. நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் முன்னின்று உருவாக்கிய விகாஸ் இயந்திரம் இந்த வகை. 2023 ஓகஸ்ட் 23 இல் சந்திரயான் 3 நிலவில் மெதுவாக இறங்கியதும் இந்த வகை எரிபொருளால்தான். ஆனால் நச்சு. மூச்சில் போனால் நுரையீரல், நீண்ட காலத்தில் புற்றுநோய் அபாயம். நிரப்புகிறவர்கள் உடம்பு முழுவதும் மூடிய உடையும் தனி மூச்சுக் காற்றும் இல்லாமல் கிட்டப் போகக் கூடாது.

கடுங்குளிர்த் திரவம்: திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனும். நச்சு இல்லை, எரிந்தால் வருவது தண்ணீர் ஆவி. மூன்றிலும் பலம் கூடியது. ஆனால் ஐதரசனைக் கிட்டத்தட்ட சைபருக்குக் கீழே 253 பாகையில் வைக்க வேண்டும். கொதித்துக் கொதித்துப் போய்க்கொண்டே இருக்கும், நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது. அதைப் பழக இந்தியாவுக்குப் பல வருடம் எடுத்தது.

ஆகவே பொறியாளர் செய்வது ஆபத்தை ஒழிப்பது அல்ல. எந்த ஆபத்தை எடுப்பது, அதை எங்கே வைப்பது, யாருக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்வதுதான். அந்தக் கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

1986 ஜனவரி 28 இல் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்ததை எல்லோரும் அறிவார்கள். அதற்குப் பிறகு விண்ணோடங்கள் பறக்காமல் நின்றன. ஆனால் அவற்றின் திண்ம எரிபொருளுக்கு வேண்டிய ஒட்சியேற்றியைச் செய்யும் ஆலை நிற்கவில்லை. நெவாடா மாநிலம் ஹெண்டர்சன் என்ற ஊரில் அமோனியம் பெர்குளோரேட் ஆயிரக்கணக்கான தொன் சேர்ந்து குவிந்தது. 1988 மே 4 இல் அங்கே தீப்பிடித்து வெடித்தது. இரண்டு பேர் மரணம், முந்நூறுக்கும் மேல் காயம். பக்கத்தில் இருந்த மாஷ்மெலோ இனிப்பு ஆலையும் தரைமட்டம். விண்வெளிக்குப் போகாத ரொக்கெட்டின் மருந்து, இனிப்புச் செய்தவர்களின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

அமெரிக்காவை விடுவோம். நம் கடலிலேயே பார்த்தோமே. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. மேலே சொன்ன அமிலத்தின் அதே குடும்பம். ஒரு கொள்கலன் கசிகிறது என்று வழியிலேயே தெரியும். கட்டார் துறைமுகமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகமும் அதை இறக்க இடம் கொடுக்கவில்லை. கசிந்தபடியே கொழும்புக்கு வந்தது. மே 20 இல் தீப்பிடித்தது, ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது. செத்த ஆமைகளும் பிளாஸ்டிக் மணிகளும் நீர்கொழும்புக் கரையில் ஒதுங்கின. மீன்பிடிக் குடும்பங்கள் பட்ட பாட்டை அந்தக் கிழமைகளில் செய்தியில் பார்த்தோம். கசிவு தெரிந்தும் யாரும் நிறுத்தவில்லை. "அடுத்த துறைமுகம் பார்த்துக்கொள்ளும்" என்று அனுப்பினார்கள். விலையைக் கொடுத்தவர்கள் அமிலத்தை வாங்கியவர்களும் அல்ல, விற்றவர்களும் அல்ல.

இனி ஒரு நல்ல உதாரணம். என் பதிவின் முக்கியமான இடம் இதுதான்.

2013 ஓகஸ்ட் 19. ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி ரொக்கெட் தயாராக நிற்கிறது. முன்பு 2010 இல் இரண்டு தடவை தோற்ற ரொக்கெட். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. திட்டத்தை நடத்தியவர் கே. சிவன். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயியின் மகன், ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர். ஏவ இன்னும் 74 நிமிடம். இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிகிறது என்று தெரிந்தது.

நிறுத்தினார்கள்.

அவமானம் என்று நினைக்கவில்லை. "சமாளிக்கலாம்" என்று சொல்லவில்லை. எரிபொருளை இறக்கினார்கள். ரொக்கெட்டைத் திரும்பக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். இரண்டாம் கட்டத் தாங்கியின் உலோகக் கலவையே காலப்போக்கில் வெடிப்பு விடக்கூடியது என்று கண்டு, வேறு கலவையில் புதிதாகச் செய்தார்கள். நாலரை மாதம் போனது. 2014 ஜனவரி 5 இல் அதே ரொக்கெட், சொந்தமாகச் செய்த கடுங்குளிர் இயந்திரத்தோடு, குறை இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

1979 இலும் கசிவு, 2013 இலும் கசிவு. ஒன்று கடலில் விழுந்தது, ஒன்று வானத்துக்குப் போனது. இடையில் உள்ள முப்பத்து நான்கு வருடத்தில் இந்தியர்கள் படித்த பெரிய பாடம் புதிய மருந்து அல்ல. நிறுத்தப் படித்தார்கள். கசிவைக் காணக் கருவி வைத்தார்கள், கண்டவன் சொன்னால் கேட்டார்கள், கேட்டதும் நின்றார்கள். அந்தப் படிப்புக்குச் சம்பளமாகக் கொடுத்தது சுதாகரின் கை, அந்த ஆறு பேரின் தோல், 2004 இல் வீட்டுக்குத் திரும்பாத ஆறு உயிர்கள்.

இப்போது நம் லயத்துப் பிள்ளையிடம் திரும்புகிறேன்.

போன ஞாயிறு மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். இந்த முழுக் கதையையும் அவனுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னேன். வியர்வைத் துளி விழுந்த இடத்தில் பிள்ளை தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். அமிலத் தாங்கி வெடித்த இடத்தில் அப்பா என்னை நிறுத்தினார்.

"சேர், அந்த ஆளுங்க கிட்டப் போகாம இருந்திருக்கணும்ல?"

"ஆமாண்ணே."

"அவசரம் சேர். நாங்களும் அப்படித்தான். கையுறை போட்டா வேல மெதுவாகுதுன்னு கழட்டி வச்சிருவோம். முகத்துல துணி கட்டுனா மூச்சு முட்டுது. இருபது வருசமா அப்படித்தான் மருந்தடிக்கிறேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தம்மா உள்ளிருந்து சொன்னார்: "அப்போ மகனுக்கு மட்டும் புத்தி சொன்னா போதாது."

நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும் விட அது எனக்குப் பெரிதாக இருந்தது. 1979 இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவர் வேலை நாளை நினைத்தார். இங்கே மலையில் நிற்பவரும் அன்றைய கணக்கு முடிய வேண்டும் என்றுதான் கையுறையைக் கழற்றுகிறார். ரொக்கெட் மருந்தோ களை மருந்தோ, அது நம் கணக்கைப் பார்க்காது. சம்பளமும் பார்க்காது, சாதி மதமும் பார்க்காது.

அன்று அவர் கேட்ட "நமக்கு எதுக்கு சேர் அதெல்லாம்?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்து மருந்து டாங்கி இருக்கிறது. கடையில் பற்றரி அமிலம் இருக்கிறது. வீட்டில் காஸ் சிலிண்டர் இருக்கிறது. நோட்டன் தண்ணீரை லக்சபானவுக்குக் கொண்டுபோகும் சுரங்கத்தையும் ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்துத்தான் உடைத்தார்கள். அந்த மின்சாரத்தில்தான் இப்போது இதை வாசிக்கிறோம். இரசாயனம் நமக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதைத் தெரிந்தவன் பக்கத்தில் நிற்பதா, தெரியாமல் பக்கத்தில் நிற்பதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. கழகத்தை மூடினால் பிள்ளைகள் லயத்துக்குப் பின்னால் போய்ச் செய்வார்கள். திறந்து வைத்தால் எங்கள் கண் முன்னால் செய்வார்கள்.

அதனால் அதிபருடனும் பெற்றோருடனும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம்:

விஞ்ஞானக் கழகம் தொடரும். எந்தத் தீ மருந்தும், வெடி மருந்தும், நெருப்புக் குச்சி மருந்தும் கிடையாது. பாடசாலையிலும் கிடையாது, வீட்டிலும் கிடையாது.

மைதானத்தில் தண்ணீர் ரொக்கெட் விடுவோம். பிளாஸ்டிக் போத்தல், தண்ணீர், சைக்கிள் பம்ப். காற்று அமுக்கம் தண்ணீரைக் கீழே தள்ளும், போத்தல் மேலே போகும். பாடம் அதேதான், தீ மட்டும் இல்லை. அதையும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் யாரும் அமுக்கக் கூடாது, கிட்டப் போய்க் குனிந்து பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளைக்கு "நிறுத்து" என்று சொல்லும் பொறுப்பு இருக்கும். அந்தப் பிள்ளை சொன்னால் ஆசிரியரும் நிற்க வேண்டும், அதிபரும் நிற்க வேண்டும். காரணம் பிறகு கேட்கலாம்.

முதல் நாள் அந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேன். கை வெந்த பிள்ளைக்கே கொடுப்போம் என்று அவனுடைய வகுப்பு நண்பர்கள் சொன்னார்கள். அவன் வருவதற்கு அவனுடைய அப்பாவும் சரி என்றார். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஏதாவது செய்து சுட்டுக்கொண்டால் முதலில் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து மறைத்தால் அடுத்த காயம் பெரிதாக இருக்கும். குளிர்ந்த ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தில் விடுங்கள். பற்பசை, எண்ணெய் ஒன்றும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மருந்தடிக்கும் அண்ணன்மாருக்கு: கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்கள். கொடுத்தால் கழற்றாதீர்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் சேர்ந்து கேளுங்கள். எழுத்தில் கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

அடுத்த ஒக்டோபர் 15 க்கு இன்ஷா அல்லாஹ் நான் மறுபடி பேசுவேன். அப்போது கலாமைப் பற்றிச் சொல்வதற்கு முன் சுதாகரைப் பற்றிச் சொல்வேன்.

துஆச் செய்யுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கை சீக்கிரம் ஆறட்டும்.